செவ்வாய்க்கிழமைப் புகை

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று எங்கள் பொதுக் குளியல்கூடம் லீவு. பள்ளியில் கணக்குத் தேர்வு, கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன். ராத்திரிக்கு வறுத்த கானாங்கெளுத்தி. எழுத வந்தது இதெல்லாம் இல்லை.

அப்பாவின் ஜாக்கெட்டில் சிகரெட் நாற்றம் அடித்தது.

காலையில் துறைமுகம் பக்கம் நடந்துவிட்டு வந்து ஆணியில் மாட்டியிருந்தார். சாயங்காலம் குடையை எடுக்கப் போனேன், மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டில் எந்த வாசனையாலும் ஒளிந்துகொள்ள முடியாது. கீழே குளியல்கூடம், மேலே வீடு. துணி, தலைமுடி, பாடப்புத்தகம், சோறு, எல்லாவற்றிலும் சோப்பு மணம்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் உன்னைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பாள் என் வகுப்புத் தோழி தாசொம். அப்படிப்பட்ட வீட்டில் சிகரெட்.

அப்பாவுக்கு அறுபத்தொன்பது வயது. ஒன்பதில் முடிகிற வயது என்றால் எங்கள் ஊரில் கண்டம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்கவில்லை. துண்டு அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 11

பேருந்தில் யாராவது புகைக்கிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அப்பா நடந்துதானே போனார்?

செப்டம்பர் 13, வெள்ளி

அப்பா சிகரெட்டை விட்ட கதையை அம்மா பெண்கள் பக்கம் குளிக்க வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். சிப்பி உரிக்கும் அக்காக்களுக்கு மனப்பாடம். ஆனாலும் எழுதிப் பார்த்தால் தைரியம் வருமா என்று பார்க்கிறேன்.

நான் பிறந்தபோது அப்பாவுக்கு ஐம்பத்து நாலு, அம்மாவுக்கு நாற்பத்தொன்று. இனிமேல் பிள்ளையே இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு வந்தவள். அப்பா பட்டாளத்தில் சேர்ந்த வயதிலிருந்து புகைத்தவர். ஒன்று அணைவதற்குள் அடுத்ததைப் பற்றவைப்பாராம். எனக்குக் கைக்குழந்தையில் மூச்சு இரைத்தது. குழந்தை டாக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, அப்படியே குனிந்து அப்பாவின் சட்டையை முகர்ந்து பார்த்தாராம்.

"தூக்கறதுக்கு முன்னாடி சட்டையை மாத்திக்கறேன் டாக்டர்" என்றார் அப்பா.

"மூச்சை மாத்த முடியுமா?" என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். வெளியே வந்து, பாக்கெட்டில் மிச்சமிருந்ததைக் கில்னாம் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். கில்னாம் சித்தப்பா சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவின் வயதே உள்ள சேக்காளி. எங்கள் குளியல்கூடத்தில் ஆண்கள் பக்கம் முதுகு தேய்த்துவிடுகிற வேலை. நானும் உன்கூட விட்டுடறேன்டா என்று சத்தியம் செய்தவர், மத்தியானச் சாப்பாடு வரை தாக்குப்பிடித்தார். அப்புறம், "நீ விட்டுட்ட. உன் பங்கு வீணாப் போகக் கூடாதுல்ல?" என்று அதையும் சேர்த்துப் புகைத்தார்.

அப்பாவுக்கு ஆசை வரும்போதெல்லாம் நீராவி அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாராம். கொழுக்கட்டை மாதிரி வெந்துபோவீங்க என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்களாம். வாயில் எப்போதும் ஜின்செங் வேர் மிட்டாய். இன்றைக்கும் அப்பாவின் சட்டைப்பையில் கைவிட்டால் அந்த மிட்டாய்த் தாள் சரசரக்கும்.

போன வசந்தத்தில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நிஜமா நீங்க புகைச்சீங்களா?" என்று கேட்டாராம். அப்பா அதை ஒரு மாதம் கல்லாவில் உட்கார்ந்து வருகிற ஆளுக்கெல்லாம் சொன்னார். துண்டு கேட்டவருக்கும் சொன்னார்.

செவ்வாய் சாயங்காலம் தொட்டிகளைக் காலி செய்து தேய்ப்போம். ஆண்கள் பக்கத்துக் குளிர்தண்ணித் தொட்டியின் அடைப்பானுக்குச் சங்கிலி அறுந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அப்பா புதிதாக மாட்ட மாட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, அடியில் போய்க் கையாலேயே பிடுங்குவார். சின்ன வயதிலிருந்து நான் படியில் நின்று, அவர் தலை மேலே வருகிற வரை என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன். எப்போதும் நான்தான் தோற்பேன்.

கில்னாம் சித்தப்பா போன அக்டோபரில் செத்துப்போனார். அறுபத்தொன்பது.

தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

சூசொக், அறுவடைப் பண்டிகை. விடியற்காலையில் முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிட்டோம். பைன் இலை மணக்க மணக்கப் பிறைக் கொழுக்கட்டை. புசானிலிருந்து அத்தை வந்திருந்தாள். எதைப் பேசக் கூடாதோ அதை முதல் வேலையாக எடுத்தாள்.

"என் தம்பிக்கு எழுபத்தொண்ணு. கண்டமெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு" என்றாள்.

"அது பழைய கணக்கு, அண்ணி" என்றாள் அம்மா. "போன வருஷம் சட்டம் போட்டு எல்லாருக்கும் வயசைக் குறைச்சிட்டாங்களே. பொறந்த அன்னிக்கே ஒரு வயசுன்னு எண்ணக் கூடாதாம். இவருக்கு இப்ப மறுபடியும் அறுபத்தொன்பது."

"யமராஜா பழைய ஆளு. பழைய கணக்குதான் பார்ப்பாரு."

"இளமையா ஆகுறோம்னு ஊரெல்லாம் சந்தோஷப்படுது. எங்க வீட்டுக்கு மட்டும் போன கண்டம் திரும்பி வந்திருக்கு."

அப்பா கொழுக்கட்டையை மென்றுகொண்டே, "ஒரே கண்டத்தை ரெண்டு தடவை தாண்டச் சொன்னா என்ன நியாயம்? முதல் தடவையே ரசீது வாங்கி வெச்சிருக்கணும்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அப்புறம் அத்தை, "பாவம், கில்னாமும் பழைய கணக்குல தாண்டினவன்தானே" என்றாள். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பழைய கணக்கில் தாண்டி, புதுக் கணக்கில் போனவர். அப்படியென்றால் யமராஜா புதுக் கணக்குக்கு மாறிவிட்டாரா? அப்பாவின் பிறந்தநாள் நவம்பர் 23. அந்த நாளைத் தாண்ட வேண்டும்.

சாப்பிட்டதும் அப்பா, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்றேன்.

அதே நாற்றம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பார்த்துவிட்டேன்.

ஜாக்கெட்டின் உள்பையில் ஒரு சிகரெட் பாக்கெட். பச்சைப் பட்டை போட்டது, கில்னாம் சித்தப்பா புகைத்த அதே வகை. ஒரு லைட்டர். அப்புறம் என்னவென்றே தெரியாத ஒன்று. எலுமிச்சம்பழம் அளவில் ரப்பர் குமிழ், நுனியில் சின்னக் குழாய். அமுக்கினால் புஸ் என்கிறது. குழாய் நுனி பழுப்பேறிக் கிடக்கிறது. முகர்ந்தேன். புகையிலை.

எதற்கு அது? வாயில் நாற்றம் வராமல் இருக்க அந்த ரப்பர் வழியாக உறிஞ்சுகிறாரா? மூச்சுத் திணறலுக்கு ஏதாவது மருந்துச் சாமானா? போனில் தேடினால் காது கழுவுவது, காற்று அடிப்பது என்று என்னென்னவோ வருகிறது.

சாயங்காலம் அடைப்பானைப் பிடுங்க முங்கினார். நான் படியில் நின்றேன். எழுந்ததும் இருமினார். இதுவரை இருமியதே இல்லை.

"என்னப்பா?"

"மூக்குல தண்ணி போயிடுச்சு. முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கே? கல்லால வெந்த முட்டை இருக்கு, போய்த் தின்னு."

பொய். பொய்தானே?

பாக்கெட்டை எடுத்துவிட்டேன். ரப்பரையும் லைட்டரையும் எடுக்கத் தைரியம் வரவில்லை. காலையில் வழியில் எறிந்துவிட வேண்டும்.

செப்டம்பர் 25

இந்த ஊரில் ஒரு பொதுக் குப்பைத்தொட்டிகூடக் கிடையாது. பேருந்து நிறுத்தத்தில் இல்லை, பாலத்தடியில் இல்லை. ஒரு கடை வாசலில் இருந்தது, ஆனால் கடைக்காரர் என் சீருடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் போடலாம் என்றால் சிப்பிப் படகு ஆட்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பள்ளியில் காகிதம் தனி, நெகிழி தனி என்று பிரித்துப் போட வேண்டும், வகுப்புத் தலைவி கிளறிப் பார்ப்பாள். பாக்கெட் பையிலேயே இருக்கிறது. நாளைக்கு.

செப்டம்பர் 26, வியாழன்

மாட்டிக்கிட்டேன்.

விளையாட்டு நேரத்தில் பை கவிழ்ந்து, எல்லார் முன்னாடியும் அது உருண்டு வெளியே வந்துருச்சு. எங்க வகுப்பாசிரியர், நோன்னு பேர், அதை எடுத்துக்கிட்டுப் போனார். அப்புறம் தனியாக் கூப்பிட்டார்.

"யாருது?"

நான் வாயைத் திறக்கலை. எப்படித் திறப்பேன்? எங்க அப்பா புகைக்கிறார்னு சொன்னா அது ஊரெல்லாம் போய் அம்மா காதுக்கு வரும். அம்மா தாங்க மாட்டா.

"நீ சொல்லலைன்னா அப்பாவைக் கூப்பிட வேண்டியதுதான்" என்று என் கண் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டார். பையில் சிகரெட் என்றார். அப்பா செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றாராம். அடுத்த செவ்வாய் அரசு விடுமுறை, அதற்கும் அடுத்த செவ்வாய் வாருங்கள் என்றார் ஆசிரியர்.

வீட்டுக்கு வந்தால் அப்பா கல்லாவில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார். "வந்தியா" என்றார். அவ்வளவுதான். அம்மாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை போல. அடிச்சிருந்தாகூடப் பரவாயில்லை.

செப்டம்பர் 27

என் மேசையில் மூன்று ஜின்செங் மிட்டாய். யார் வைத்தது?

செப்டம்பர் 29, ஞாயிறு

மறுபடியும் மிட்டாய். இந்தத் தடவை ஒரு கைப்பிடி. அப்பாதான். நான் பார்க்காதபோது வைத்துவிட்டுப் போகிறார். சாப்பிடும்போது என்னையே பார்க்கிறார். நான் பார்த்தால் குழம்பைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் பார்த்தால் நான் குழம்பைப் பார்க்கிறேன். அம்மா, "குழம்புல என்ன சினிமாவா ஓடுது?" என்றாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

விடுமுறை. காலையில் நடந்துவிட்டு வந்தார். நாற்றம். இன்னொரு பாக்கெட் வாங்கியிருக்கிறார். நான் எடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 5

இன்றைக்குச் சந்தோஷமான நாள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிப்பிப் பருவம் ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் உரிக்கும் அக்காக்கள் கூட்டமாகக் குளிக்க வந்தார்கள், கூடமே கடல் வாசனை. அப்பா பாய்லரைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய நாட்டுப்பாட்டு ஒன்றை நீட்டி முழக்கினார். ஒரே மூச்சில் எவ்வளவு நீளம் இழுத்தார்! பெண்கள் பக்கத்திலிருந்து, "ஹேவோன் அப்பா, தண்ணி சூடு போதும், பாட்டுச் சூடுதான் தாங்கலை!" என்று ஒரு அக்கா கத்தினாள்.

புகைக்கிற ஆளுக்கு இவ்வளவு மூச்சு வருமா? வராது. வருமோ?

அக்டோபர் 8, செவ்வாய்

நிறைய எழுத வேண்டும். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கடைசி வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் நோ என்னை உடல்நல அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சா என்கிற சுகாதார ஆசிரியை, மேசையில் அந்தப் பாக்கெட், அதற்குப் பக்கத்தில் ஊதிப் பார்க்கிற கருவி. புகை எதிர்ப்பு வகுப்பில் பார்த்திருக்கிறோம். மூச்சில் புகை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

அப்பா வந்தார். தலையை நன்றாகச் சீவியிருந்தார். ஆனால் அதே ஜாக்கெட். உள்ளே நுழைந்ததும் அந்த நாற்றம் அறை முழுக்க வந்தது. காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் நடந்திருக்கிறார். ஆசிரியர் நோவின் மூக்கு சுருங்கியதைப் பார்த்தேன்.

"அப்பா வரலையா? தாத்தாவை அனுப்பிட்டாங்களா?"

"இவ தாத்தா செத்து நாப்பது வருஷமாச்சு, சார். நான்தான் அப்பன்" என்று அப்பா குனிந்து வணங்கினார். என்னைவிடக் கொஞ்சம் பெரிய பையன் மாதிரி இருக்கிற ஆசிரியருக்கு முன்னால் அவ்வளவு கீழே குனிந்தார்.

ஆசிரியர் பாக்கெட்டைத் தட்டி, "இது யாருது?" என்றார்.

"என்னுது" என்றேன்.

"என்னுது" என்றார் அப்பா. ரெண்டு பேரும் ஒரே சமயத்தில்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். குழம்பு எதுவும் இல்லை, அதனால் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"பொண்ணைக் காப்பாத்தணும்னு நினைக்கறது புரியுதுங்க..." என்று ஆசிரியர் ஆரம்பித்தார்.

"ஊதச் சொன்னாத் தெரிஞ்சிடப் போகுது" என்று ஆசிரியை சா கருவியை என்னிடம் நீட்டினார். மூச்சை இழுத்துப் பிடித்து, அவர் சொன்னதும் ஊதினேன். பச்சை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "புகைக்கலை... இவ புகைக்கலை" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் கையை நீட்டினார். "குடுங்க டீச்சர், நானும் ஊதறேன்."

எனக்கு வேணாம்பா என்று கத்தத் தோன்றியது. சிவப்பு வந்தால்? என் கண் முன்னாலேயே வந்தால்?

"ஆழமா இழுத்துப் பிடிச்சுக்கங்க. முடியலைன்னா விட்டுடலாம், பெரியவரே, சிரமப்பட வேணாம்" என்றார் ஆசிரியை.

அப்பா இழுத்தார். பிடித்தார். கருவி நேரம் ஆகிவிட்டது என்று கத்தியது. அவர் விடவில்லை. குளிர்தண்ணித் தொட்டிக்கு அடியில் இருக்கிற முகம். "போதும், ஊதுங்க, ஊதுங்க!" என்று ஆசிரியை பயந்துபோய்ச் சொன்ன பிறகுதான் ஊதினார். அதுவும் நிதானமாக, கேட்டதைவிட நீளமாக.

பச்சை.

"இன்னிக்குப் புகைச்சிருந்தா கட்டாயம் காட்டிடும்" என்றார் ஆசிரியை. அப்பாவின் ஜாக்கெட்டை முகர்ந்தார், கருவியைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார்.

"அப்ப யாருதான் சார் புகைக்கறது?" என்று கேட்டார் ஆசிரியர் நோ. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

"புகைக்கறவன் செத்துட்டான், சார்" என்றார் அப்பா.

ஆசிரியர் நோ மேசையிலிருந்ததை எடுத்து நீட்டினார். அப்பா பாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் துறைமுகத்துக்குப் போனார். அலைத்தடுப்புக் கல் சுவரின் கடைசி வரை, சிவப்பு விளக்குக் கோபுரத்தடிக்கு. கில்னாம் சித்தப்பாவுக்குச் சமாதி கிடையாது. அங்கிருந்து தெரிகிற தீவுக்கு அந்தப் பக்கம், படகில் போய்ச் சாம்பலைக் கரைத்தார்கள்.

கல்லிடுக்கில் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம், மணல் போட்டு வைத்திருந்தது. நுனிவரை எரிந்த சிகரெட் ஒன்று அதில் நட்டு நின்றது. காலையில் வைத்தது.

"ஆஸ்பத்திரில ஒண்ணே ஒண்ணு கேட்டான்" என்றார் அப்பா. "நான் குடுக்கலை. எந்திரிச்சு வா, அப்புறம் பார்க்கலாம்னேன். கஞ்சப் பயலே, நான் செத்தப்புறமாவது கொண்டு வாடான்னான். அவன் லீவு நாள் செவ்வாய்தானே? அன்னிக்கு வந்தாத்தான் இருப்பான்."

எத்தனை சமாதிகளில் பார்த்திருக்கிறேன், மதுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் செத்தவருக்காகப் புகைகிற சிகரெட்டை. எல்லோரும் செய்வதுதான். எனக்கு ஏன் தோன்றவே இல்லை? கல்லறை இல்லாத ஆளுக்கும் பசிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அந்த ரப்பர் எதுக்குப்பா?"

"அதையும் பார்த்துட்டியா?" என்று எடுத்துக் காட்டினார். புதிதாக ஒரு சிகரெட்டை அந்தக் குழாய் நுனியில் செருகினார். குமிழை அமுக்கிக்கொண்டு, மறு கையால் லைட்டரைப் பற்றவைத்து, குமிழை மெதுவாக விட்டார். குமிழ் புகையை உள்ளே இழுத்தது. நுனி சிவந்தது. உருவி மணலில் நட்டார். "இழுத்தாத்தான் பத்தும். எல்லாரும் ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் வைப்பாங்க. எனக்கு அந்த ஒரு இழுப்புதான் பயம்."

"விட்டு இவ்வளவு வருஷம் ஆச்சே. இன்னுமா?"

"இன்னும்தான். விட்டவனுக்குத்தான் அதோட ருசி தெரியும்." குமிழை என் மூக்குக்கு நேராக நீட்டிப் புஸ் என்று அடித்தார். "இது யாருதுன்னு தெரியுமா? உன்னுது. கைக்குழந்தைல உனக்கு மூக்கடைச்சா சளி உறிஞ்ச வாங்கினது. உங்கம்மா டிராயர்ல வெச்சிருந்தா."

அழுதுவிட்டேன். நிறைய. கண்டம், அறுபத்தொன்பது, யமராஜா, நீங்க செத்துடுவீங்கன்னு நினைச்சேன், எல்லாம் கலந்து கொட்டியது. அப்பா காற்றுக்கு மறைவாக நின்று கேட்டுக்கொண்டார்.

"நான் உன்னை நினைச்சுப் பயந்தேன்" என்றார். "நீ என் பாக்கெட்டைத் திருடிப் புகைக்கறியோன்னு. திட்டினா விட மாட்டே, நானும் திட்டுக்குப் பயந்து விட்டவன் இல்லை. அதான் மிட்டாய் வெச்சேன்."

அதுக்குத்தானா!

"அப்ப சாக மாட்டீங்களா?"

"சாவேன். ஆனா இந்த வருஷம் முடியாது. பாய்லருக்குப் புதுக் குழாய் போட்டிருக்கேன், அது தேய வேணாமா?" என்றார். சித்தப்பாவின் சிகரெட் காற்றில் வேகமாக எரிந்தது. "பார், அவசரக்காரன். ஒரே நாள்ல ரெண்டாவது" என்றார் அப்பா.

அக்டோபர் 9

இந்த மிட்டாய் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கசப்பு.

அக்டோபர் 15, செவ்வாய்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆசிரியை சா நேற்று குளிக்க வந்து, "உங்க வீட்டுக்காரர் மூச்சு மாதிரி நான் பார்த்ததே இல்லை" என்று பாராட்டியிருக்கிறார். எந்த மூச்சு, எதுக்கு ஊதினார் என்று அம்மா நூல் பிடித்து வந்துவிட்டாள்.

முதலில் கத்தினாள். சிகரெட்டுக்கு இல்லை, அந்தக் குமிழுக்கு. "என் பொண்ணோட மூக்குச் சாமான்ல புகையிலையா! பத்திரமா வெச்சிருந்தேனே!" அப்புறம் கில்னாம் சித்தப்பாவைத் திட்டினாள். அப்புறம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பூண்டு நசுக்குகிற சத்தம் கேட்டது. அப்பா என்னைப் பார்த்து, பரவாயில்லை என்று தலையாட்டினார்.

ராத்திரி சாப்பாட்டில் சட்டம் போட்டாள். ஜாக்கெட் இனிமேல் பாய்லர் அறையில்தான் தொங்க வேண்டும். குளித்த பிறகுதான் மேலே வர வேண்டும். "உயிரோட இருக்கறவன் வாசனை தனி, செத்தவன் வாசனை தனி" என்றாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

கில்னாம் சித்தப்பாவின் முதல் வருட நாள். பள்ளி விட்டதும் நானும் போனேன். அப்பா காலையில் போகாமல் எனக்காகக் காத்திருந்தார்.

அம்மாவும் வந்தாள்! வரவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சுட்ட கணவாயும் ஒரு பாட்டில் சோஜு சாராயமும் கொண்டு வந்தாள். கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துப் பேசினாள். "இந்தாங்க, கில்னாம். நான் எத்தனை தடவை சொன்னேன்? கேட்டீங்களா? இப்ப நல்லா ஊதுங்க. ஆனா இந்தப் பக்கம் ஊதாதீங்க, என் புருஷனுக்கு இன்னும் வேலை இருக்கு."

காற்று அப்போது நேராக எங்கள் முகத்துக்கு வந்தது. சிகரெட் புகை மொத்தமும் அம்மா மேலேயே. அப்பா சிரித்துச் சிரித்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

இன்று குமிழை நான் அமுக்கினேன். அப்பா லைட்டரைப் பிடித்தார்.

நவம்பர் 14

ஊரே அமைதி. மேல்வகுப்பு அக்காக்களுக்கெல்லாம் கல்லூரி நுழைவுத் தேர்வு. எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அப்போது அப்பாவுக்கு... எண்ணவில்லை. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

நவம்பர் 23, சனி

எழுபது!

அம்மா பிறந்தநாள் கடற்பாசி சூப்பில் பாதிக்குச் சிப்பியைக் கொட்டியிருந்தாள். அத்தை புசானிலிருந்து பெரிய அரிசி கேக் தூக்கிக்கொண்டு வந்தாள். வாடிக்கையாளர்களுக்கு இன்று குளியல் இலவசம் என்று அப்பா அறிவித்துவிட, காலையிலேயே வரிசை நின்றது, அம்மாவுக்குக் கோபம்.

"எந்தக் கணக்குலயும் தாண்டிட்டே" என்றாள் அத்தை.

"இன்னொரு சட்டம் போடாம இருக்கணும்" என்றார் அப்பா.

வாழ்த்துச் சொல்லி நான் முழங்காலிட்டுக் கும்பிட்டேன். அவர் என் கையில் பணம் போட்ட உறை எதுவும் தரவில்லை, ஒரு ஜின்செங் மிட்டாய் தந்தார். அதையும் உடனே பிடுங்கி அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 26, செவ்வாய்

குளிர் வந்துவிட்டது. காலையில் அப்பா துறைமுகத்துக்குப் போனார், ஜாக்கெட் பாய்லர் அறையில் தொங்குகிறது. சிப்பி விலை ஏறிவிட்டதாம். தாசொம் வீட்டுக்கு வந்தாள். வெந்த முட்டையும் வாழைப்பழப் பாலும் சாப்பிட்டுக்கொண்டே, கணக்கு வாத்தியார் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள். ரொம்பச் சிரித்தோம்.

அவள் போனதும் தொட்டி தேய்க்கப் போனேன். அப்பா மூச்சை இழுத்து முங்கினார். நான் தூரிகையை எடுத்தேன், பக்கத்துச் சுவர் ஓட்டில் பாசி பிடித்திருந்ததைத் தேய்த்தேன், மூலையில் போகவே இல்லை, சோப்பு போட்டு மறுபடி தேய்த்தேன்.

"ஏய், அடைப்பானைப் பிடி!" என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பினால் அப்பா தலை முழுக்கத் தண்ணீரோடு நின்றுகொண்டு கையை நீட்டியிருந்தார். தொட்டித் தண்ணீர் பாதி இறங்கியிருந்தது.

எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை, என் மூச்சைப் பிடிக்கவும் மறந்துபோனேன்.